சமைக்காத உணவில் நிலைத்திருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுப்பில் ஏற்றாத உணவுக்கு மாறியவர்களும், மாற நினைப்பவர்களும், மாறிப் பாதியில் நின்றவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. நான் பல வருடங்களாகக் காலையும் இரவும் சமைக்காததைச் சாப்பிடுகிறேன். மதியம் வீட்டில் எல்லோருக்கும் வைக்கிற சோறும் குழம்பும்தான் எனக்கும். நான் மருத்துவர் அல்ல. மாத்திரை, நோய் சம்பந்தப்பட்ட விஷயங்களில் உங்கள் மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

சமைக்காத உணவு என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

பழங்கள், தேங்காய், பச்சையாகச் சாப்பிடக்கூடிய காய்கள், சில கீரைகள், ஊறவைத்த நிலக்கடலை, பாதாம், எள், முளைகட்டிய பயறு, பேரீச்சை, தேன். வெளிநாடுகளில் இதைக் கடைப்பிடிப்பவர்கள் 42 முதல் 48 டிகிரி செல்சியஸ் வரை ஏதோ ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, அதற்கு மேல் சூடாக்கியதைத் தொடுவதில்லை. சுவிட்சர்லாந்தில் டாக்டர் மாக்ஸ் பிர்ச்சர் பென்னர் 1900ஐ ஒட்டிய வருடங்களிலேயே துருவிய ஆப்பிளையும் ஊறவைத்த ஓட்ஸையும் நோயாளிகளுக்குக் கொடுத்தார். இன்று கடையில் விற்கும் மியூஸ்லிக்கு அதுதான் ஆரம்பம். நம் பக்கம் இதற்கு ‘இயற்கை உணவு’ என்று பெயர். தேங்காயும் பழமும் சாப்பிட்டு இருக்கலாம் என்பதைப் பலர் முதலில் கேள்விப்பட்டது சிவசைலம் நல்வாழ்வு ஆசிரமத்தின் மூலமாகத்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். பச்சை என்று நாம் நினைப்பதில் பாதி ஏற்கெனவே சூடு கண்டது. அவல், ஊறவைத்த நெல்லை வறுத்து இடித்தது. முந்திரியை ஓடு உடைப்பதற்கு முன்பே ஆவியில் வேகவைக்கிறார்கள், அல்லது வறுக்கிறார்கள். வெல்லம் கொப்பரையில் காய்ச்சியது. பொட்டுக்கடலை வறுத்தது. நூறு சதவீதம் பச்சை என்று சபதம் எடுத்தவர்கள் இதையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டு மனம் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஊறவைத்த அவலில் தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஒன்றும் கெட்டுவிடாது.

ஆரம்பத்தில் உற்சாகமாக இருக்கிறேன். சில வாரம் போனதும் ராத்திரி ஏழு மணிக்குப் பரோட்டாக் கடை வாசலில் நிற்கிறேன். எனக்கு மன உறுதி இல்லையா?

மன உறுதியை விடுங்கள். அன்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள். என்னிடம் இதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் பசியோடு இருந்தவர்கள்தான். வயிறு நிறைந்த மாதிரி தோன்றும், உடம்புக்கு வேண்டியது போய்ச் சேர்ந்திருக்காது.

கணக்கைப் பாருங்கள். 200 கிராம் வெள்ளரிக்காய், 100 கிராம் தக்காளி, 100 கிராம் காரட் என்றால் ஒரு பெரிய தட்டு நிறைய வரும், மென்று முடிக்கவே கால் மணி நேரம் ஆகும். அதில் 100 கலோரிகூடத் தேறாது. மூன்று இட்லியும் சட்னியும் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அலுவலக வேலை பார்க்கிறவருக்கே ஒரு நாளைக்கு 2,000 கலோரி அளவில் வேண்டும். காலையில் ஒரு கிண்ணம் பப்பாளியும், மதியம் ஒரு தட்டுக் காயும் சாப்பிட்டுவிட்டு ராத்திரி ஏழு மணிக்குத் தாங்கிக்கொள்ள யாராலும் முடியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சமைப்பதால் மாவுச்சத்து இளகி எளிதாகச் செரிக்கிறது. அதே அளவு உணவிலிருந்து உடம்புக்குக் கூடுதல் சக்தி கிடைக்கிறது. மனிதன் மனிதனானதிலேயே சமையலுக்குப் பங்கு உண்டு என்று ஹார்வர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் ரிச்சர்ட் ரேங்கம் வாதிடுகிறார். அந்த வாதம் முழுக்கச் சரியா என்பது வேறு விஷயம். பச்சையாகச் சாப்பிடுகிறவர் அளவைக் கூட்டியே ஆக வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகமே வேண்டாம்.

அப்படியானால் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்?

முழு நாளும் சமைக்காமல் இருப்பவருக்கு உத்தேசமாக ஒரு கணக்குச் சொல்கிறேன். காலையில் ஏலக்கி வாழைப்பழம் ஐந்து, 100 கிராம் தேங்காய்ப் பருப்பு, பேரீச்சை ஐந்து. மதியம் 60 கிராம் நிலக்கடலையை முந்தின இரவே ஊறவைத்தது, ஒரு கிண்ணம் முளைப்பயறு, துருவிய காரட்டும் வெள்ளரியும் எலுமிச்சை பிழிந்து, அப்புறம் இரண்டு கொய்யா. இரவு 400 கிராம் பப்பாளி, கொஞ்சம் தேங்காய், எள்ளையும் பேரீச்சையையும் சேர்த்து இடித்த உருண்டை இரண்டு. இவ்வளவும் சேர்ந்தால்தான் 2,000 கலோரியை ஒட்டி வருகிறது. வயலிலோ கட்டட வேலையிலோ இருப்பவருக்கு இதுவும் போதாது.

இதில் பாரம் சுமப்பவை தேங்காயும் கடலையும் எள்ளும்தான். காய்கள் சுவைக்கும் நார்ச்சத்துக்கும். எடை குறைய வேண்டும் என்று கடலையை ஒதுக்குகிறவர்கள்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். கெட்ட கொழுப்பு அதிகம் என்று பரிசோதனையில் வந்தவர்கள் மட்டும் தேங்காயைக் குறைத்து நிலக்கடலை, எள், பாதாம் பக்கம் போவது நல்லது. தேங்காயில் கெட்ட கொழுப்பைக் கூட்டுகிற நிறைகொழுப்பு அதிகம்.

வீட்டில் எல்லோரும் சோறு சாப்பிடும்போது நான் மட்டும் தனியாகக் காய் கடிக்கிறேன். இதை எப்படிச் சமாளிப்பது?

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். கடுகு வெடித்து, கறிவேப்பிலையும் பெருங்காயமும் எண்ணெயில் விழுகிற வாசனை வந்த பிறகு வெள்ளரித் துண்டு எப்படி இறங்கும்? அதைவிட, “நான் ஆக்கிப்போட்டதை ஒதுக்கிட்டியே” என்று அம்மாவோ மாமியாரோ முகம் வாடும்போது வருகிற சங்கடம் பெரிது. நம் வீடுகளில் சாப்பாடு மறுப்பது ஆளை மறுப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். அதில் நியாயமும் இருக்கிறது.

எனக்குத் தெரிந்து நிலைத்து நின்றவர்கள் எல்லோரும் வீட்டாரோடு ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுகிறவர்கள். காலையில் ஆளுக்கொரு நேரத்தில் கிளம்புகிற வீட்டில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த வேளையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கூடுகிற வேளையைக் குடும்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்தது, உங்கள் தட்டில் இருப்பது அவர்களுக்கும் பழக்கமானதாக இருக்கட்டும். ஸ்ரீராமநவமிக்குச் செய்கிற வடைப்பருப்பு அடுப்பே ஏறாதது: பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து நீரை வடித்து, தேங்காய்த் துருவல், பொடியாக நறுக்கிய மாங்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு, எலுமிச்சை. அம்மன் கோயில் துள்ளுமாவும் முருகனுக்கு வைக்கிற தேனும் தினைமாவும் அப்படித்தான். வாழைத்தண்டை வட்ட வட்டமாக நறுக்கி, ஒவ்வொரு வில்லைக்கும் இழைகிற நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு, பொடியாக அரிந்து எலுமிச்சைச் சாறும் உப்பும் மிளகுப்பொடியும் போட்டு வையுங்கள். வீட்டில் உள்ளவர்கள் தானாகவே இரண்டு கரண்டி எடுத்துக்கொள்வார்கள். ப்ராக்கோலியும் லெட்யூசும் வாங்கி வந்து தனிப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டால் நீங்களும் தனி, உங்கள் உணவும் தனி.

முக்கியமாக, அடுத்தவர் தட்டைப் பார்த்து “இது செத்த உணவு” என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தை போதும், வீட்டில் ஒருவரும் உங்களுக்கு ஒத்துழைக்க மாட்டார்கள்.

கல்யாணம், விசேஷம் என்றால்?

பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மறுநாள் காலை பழத்துக்குத் திரும்புங்கள்.

காந்தியடிகள் சமைக்காத உணவு சாப்பிட்டார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1929இல் சில மாதங்கள். ஆந்திரச் சுற்றுப்பயணத்தில் இந்த முறையில் பழுத்த ஒருவரைச் சந்தித்த பிறகு, முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன் என்று ஆரம்பித்தார். ஆசிரமத்தில் பலரும் சேர்ந்துகொண்டார்கள். நடப்பதைத் தன் ‘யங் இந்தியா’ பத்திரிகையில் எழுதிக்கொண்டே வந்தார். அந்த வருடமே வயிற்றுக்கடுப்பு வந்து படுத்தியது. நிறுத்திவிட்டு மறுபடி ஆட்டுப்பாலுக்குப் போனார்.

இதைச் சொல்லிக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் அவர் செய்த விதத்தைப் பார்க்கிறேன். சோதனை என்று சொல்லித்தான் ஆரம்பித்தார், எடை, உடல்நிலை எல்லாவற்றையும் கவனித்தார், உடம்பு ஒத்துழைக்காதபோது அதை மறைக்காமல் எழுதினார். அவ்வளவு வைராக்கியம் உள்ள மனிதரே உடம்பின் பேச்சைக் கேட்டிருக்கிறார் என்றால் நமக்கு என்ன தடை?

முழுக்க முழுக்கச் சமைக்காத உணவிலேயே வருடக்கணக்கில் இருக்கலாமா?

இதை நீண்ட நாள் கடைப்பிடித்தவர்களை ஜெர்மனியில் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். 1999இல் வெளிவந்த முடிவில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் ஒழுங்கு தப்பியிருந்தது, அல்லது நின்றே போயிருந்தது. பச்சை உணவின் பங்கு கூடக் கூட எடையும் குறைந்திருந்தது. 2005இல் வந்த இன்னோர் ஆய்வில் கெட்ட கொழுப்பும், ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பும் நல்ல நிலையில் இருந்தன. ஆனால் 38 சதவீதம் பேருக்கு வைட்டமின் பி12 பற்றாக்குறை. அதே 2005இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் சிறு குழுவொன்றைப் பரிசோதித்தபோது எலும்பின் அடர்த்தி குறைவாக இருந்தது தெரிந்தது.

இவற்றைப் படித்த பிறகு, இரண்டு வேளைக்கு மேல் யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. மூன்றாவது வேளைக்குச் சமைத்த பருப்பும், வெந்த காயும், கேழ்வரகோ சோறோ இருக்கட்டும். தக்காளியின் நிறச்சத்தான லைக்கோபீனும் காரட்டின் நிறச்சத்தான பீட்டா கரோட்டினும் வெந்த பிறகுதான் நன்றாக உடம்பில் சேர்கின்றன. வைட்டமின் சி பச்சையில்தான் முழுசாகக் கிடைக்கும். இரண்டும் வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனால், எடை நிற்காமல் இறங்கினால், முடி கொத்தாகக் கொட்டினால் உறுதியைக் காப்பாற்றாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

பி12க்கு ஸ்பைருலினா போதாதா?

போதாது. ஸ்பைருலினா என்கிற பாசியில் இருக்கும் பி12இல் பெரும்பகுதி நம் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். பால், தயிர், முட்டை எதுவும் எடுக்காதவர் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். இதில் ஓர் ஆபத்து உண்டு, கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுகிறவர் உடம்பில் ஃபோலிக் அமிலம் தாராளமாக இருக்கும். அதனால் பி12 குறைவால் வரும் ரத்தசோகை வெளியே தெரியாமல் போகலாம். உள்ளே நரம்பு மட்டும் பழுதாகிக்கொண்டே இருக்கும். பாதத்தில் மதமதப்பு, ஞாபக மறதி, காரணமில்லாத அசதி இவையெல்லாம் வந்த பிறகு பார்த்தால் சில சேதங்கள் திரும்பாது. வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பி12, வைட்டமின் டி, இரும்புச்சத்து பாருங்கள்.

அயோடினும் அப்படித்தான். இயற்கை உணவுக்காரர்கள் சாதாரண உப்பை விட்டு இந்துப்புக்கு மாறிவிடுகிறார்கள். அதில் போதுமான அயோடின் கிடையாது. கூடவே பச்சை முட்டைக்கோஸையும் தினமும் சாப்பிட்டால் தைராய்டு சுரப்பிக்கு இரட்டைச் சுமை.

எதையெல்லாம் பச்சையாகத் தொடவே கூடாது?

மரவள்ளிக்கிழங்கு. அதில் சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது. தோலுரித்து வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் அது உணவு. ராஜ்மாவை முளைகட்டியோ ஊறவைத்தோ பச்சையாகச் சாப்பிடக்கூடாது. நாலைந்து கொட்டையே கடுமையான வாந்தியைக் கொண்டுவந்துவிடும். நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அந்த நச்சு அழியும். சேப்பங்கிழங்கு, சேனை, கருணை மூன்றையும் வேகாமல் வாயில் வைத்தால் அதிலுள்ள ஊசி ஊசியான ஆக்சலேட் படிகங்கள் தொண்டையைப் பிடுங்கும். பச்சை ஓடிய உருளைக்கிழங்கும் வேண்டாம்.

சுரைக்காய்ச் சாறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை குறையும், இதயத்துக்கு நல்லது என்று காலையில் குடிக்கிறார்கள். சில சுரைக்காய்கள் கசக்கும். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்கிற நச்சு. அதைக் குடித்து ரத்த வாந்தி எடுத்து இறந்தவர்கள் இந்தியாவில் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழு அமைத்து எச்சரிக்கையே வெளியிட்டது. காம்புப் பக்கத்தில் சின்னத் துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். துளி கசந்தாலும் முழுக்காயையும் வீசிவிடுங்கள். பாகற்காய், நெல்லிக்காயோடு சேர்த்து அடிக்காதீர்கள், சுரைக்காயின் கசப்பு அதில் மறைந்துவிடும். கசப்பு என்றால் மருந்து என்று பழகிய நாக்கு நமக்கு, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிலிம்பி என்கிற புளிச்சக்காயைக் கெட்டிச் சாறாகக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் கேரளத்தில் இருக்கிறார்கள். அதிலும் ஆக்சலேட்தான் காரணம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. பச்சைப் பசலைக் கீரைச் சாறு தினமும் குடிப்பதும் கல் உள்ளவர்களுக்கு ஆகாது.

முளைகட்டிய பயறு பாதுகாப்பானதா?

நன்றாகச் செய்தால் அருமையான உணவு. ஆனால் முளை வருவதற்குத் தேவையான வெதுவெதுப்பும் ஈரமும்தான் கிருமிக்கும் தேவை. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியாக ஈ.கோலை கிருமி பரவி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். விதையின் கீறலுக்குள் கிருமி இருந்தால் கழுவினாலும் போகாது.

நம் வெயிலுக்கு முளை சீக்கிரம் வரும், கெடுவதும் சீக்கிரம். நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலசுங்கள், துணியைத் தினமும் வெந்நீரில் கொதிக்கவிட்டுக் காயப்போடுங்கள். முளை லேசாக எட்டிப்பார்த்ததும் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். வழவழப்போ புளித்த வாடையோ இருந்தால் வேண்டாம். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆவியில் வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

காய், கீரையை எப்படிக் கழுவுவது?

ஓடுகிற நல்ல தண்ணீரில், ஒவ்வோர் இலையாக, இரண்டு மூன்று முறை. மண்ணிலும் கழிவுநீரிலும் வருகிற நாடாப்புழு முட்டை பச்சைக் காய் வழியாக வயிற்றுக்குள் போய், அதன் இளம் புழு மூளையில் தங்கி வலிப்பு வருவது நம் நாட்டில் சாதாரணமாகப் பார்க்கிற நோய். மாமிசமே சாப்பிடாதவருக்கும் வரும். முட்டைக்கோஸில் மேல் இலைகளை எடுத்துவிட்டு மற்றதைப் பிரித்துக் கழுவுங்கள். எங்கே விளைந்தது என்று தெரியாத கீரையை நான் வேகவைத்துத்தான் சாப்பிடுகிறேன். கடையில் நறுக்கி வைத்த பழமும் வேண்டாம்.

ஆரம்பித்த இரண்டாம் நாள் மண்டையைப் பிளக்கிற தலைவலி. நச்சு வெளியேறுகிறது என்கிறார்களே?

காபியை நிறுத்தினீர்களா? பெரும்பாலும் அதுதான். கஃபீன் நின்றால் தலை வலிக்கும், சில நாளில் போய்விடும். காபியை உடனே நிறுத்த அவசியமும் இல்லை, மெதுவாகக் குறைக்கலாம். மயக்கம், படபடப்பு, தொடர் வயிற்றுப்போக்கு இவற்றை யாராவது ‘கழிவு வெளியேற்றம்’ என்று சொல்லிச் சமாதானப்படுத்தினால் கேட்காதீர்கள்.

வயிறு உப்புசமாக இருக்கிறது.

நார்ச்சத்து திடீரென்று கூடினால் அப்படித்தான் இருக்கும். ஒரு வேளையில் ஆரம்பித்து, வாரங்கள் போகப் போகக் கூட்டுங்கள். பயறைக் குறைத்துப் பழத்தைக் கூட்டிப் பாருங்கள். நன்றாக மெல்லுங்கள்.

பல் கூசுகிறது. இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நாள் முழுக்க எலுமிச்சை, ஆரஞ்சு, மாங்காய் என்று போனால் பல்லின் எனாமல் அரிக்கும். புளிப்பை ஒரே வேளையில் முடித்துவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். உடனே பல் தேய்க்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும்.

யார் இதில் இறங்கவே கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கு முழுச் சமைக்காத உணவு வேண்டாம். பழமும் வெள்ளரியும் கூடுதலாகக் கொடுப்பது வேறு. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றிய பிறகே உணவை மாற்ற வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் கீரையைத் திடீரென்று கூட்டக்கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். உணவையே தண்டனையாகப் பார்க்கிற மனநிலை உள்ளவர்கள், முன்பு பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள், தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள்.

விட்டுவிட்டேன். மறுபடி ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், ஒரு வேளையில். அதுவும் காலை வேளையில். முந்தின முறை எந்த நேரத்தில் விட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாலை ஆறு மணிப் பசியில் விட்டிருந்தால் பையில் ஒரு டப்பா ஊறவைத்த கடலையும் இரண்டு வாழைப்பழமும் இருக்கட்டும். வீட்டுச் சண்டையில் விட்டிருந்தால் இரவு வேளையை வீட்டாருக்கே கொடுத்துவிடுங்கள். அலுத்துப்போய் விட்டிருந்தால் ஒரே பழத்தைத் தினமும் வாங்காமல் பருவத்துக்கு வருவதை வாங்குங்கள்: கோடையில் நுங்கும் மாம்பழமும் தர்பூசணியும், அப்புறம் சீத்தா, கொய்யா, நெல்லி. ரத்தப் பரிசோதனையை முதல் வாரத்திலேயே எடுத்து வையுங்கள், ஆறு மாதம் கழித்து எடுப்பதோடு ஒப்பிட அது வேண்டும்.